இருப்பிடம் அறியும் கைப்பேசி: திருவனந்தபுரம் கடற்கரை தரும் பாடம்

2017ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் மாலை, திருவனந்தபுரம் மாவட்டத்தின் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய கரையோர ஊர்களிலிருந்து மீனவர்கள் வழக்கம்போல் கடலுக்குச் சென்றனர். அண்டை மாவட்டமான கன்னியாகுமரியின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களைச் சேர்ந்தவர்களின் விசைப்படகுகள் அதற்குப் பல நாட்களுக்கு முன்னரே ஆழ்கடலை அடைந்திருந்தன. மறுநாள் குமரிமுனைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் விரைந்து வலுப்பெற்று 'ஒக்கி' புயலாக மாறியது. கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் உயிரிழந்தோரும் காணாமற்போனோருமாக முந்நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்களை அப்புயல் கொண்டுசென்றது. உயிர் பிழைத்தவர்களுட் சிலர் இலட்சத்தீவுகளிலும், வேறு சிலர் மகாராஷ்டிரக் கடற்கரையிலும் கரையேறினர்.

அந்நாட்களில் அரசு அலுவலர்களை வருத்திய வினாக்கள் இரண்டு. கடலில் இருப்போர் எத்தனை பேர்? அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? முதல் வினாவிற்கே உறுதியான விடை கிடைக்கவில்லை. கடலுக்குச் செல்வோரைப் பதிவு செய்யும் முறை ஏதும் நடைமுறையில் நிலைபெறாததால், வீடு வீடாகக் கேட்டே கணக்கெடுக்க நேர்ந்தது. இத்தனைக்கும் அம்மீனவர்களுள் பெரும்பாலோரிடம் கைப்பேசி இருந்தது. பல படகுகளில் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவியும் இருந்தது. கருவிகள் இருந்தும் அவை ஏன் உதவவில்லை என்பதை ஆராய்வது, கைப்பேசி வழி இருப்பிடம் அறியும் தொழில்நுட்பத்தின் பயன்களையும் எல்லைகளையும் உணர்வதற்குச் சிறந்த வழியாகும்.

இடம் அறியும் முறைகள்

இத்தொழில்நுட்பம் புதியது, அதன் அடிப்படைக் கோட்பாடு மிகப் பழையது. தென் கேரள, குமரிக் கடற்கரை மீனவர்கள் கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். நீருக்குள் மறைந்திருக்கும் பாரின் மேல் தம் வள்ளத்தைச் சரியாக நிறுத்துவதற்கு அவர்கள் கரையையே துணைக்கொள்வர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு முகடும் கரையிலுள்ள ஒரு தேவாலயக் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரியும் திசை ஒன்று. வேறொரு குன்றும் வேறொரு கட்டடமும் ஒன்றின் பின் ஒன்றாக அமையும் திசை மற்றொன்று. இவ்விரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே அவர்கள் தேடும் இடம். இடம் தெரிந்த சில பொருள்களைக் கொண்டு இடம் தெரியாத ஒன்றைக் கணிப்பதே இம்முறை. கைப்பேசியும் இதையே செய்கிறது. மலைக்கும் கோபுரத்துக்கும் பதிலாக வானொலி அலைகளைப் பயன்படுத்துகிறது என்பதே வேறுபாடு.

கைப்பேசியின் இருப்பிடம் இரு வழிகளில் கணிக்கப்படுகிறது. முதலாவது, கோபுர வழி முறை. கைப்பேசி இயங்கும்போது அருகிலுள்ள அலைபரப்புக் கோபுரம் ஒன்றுடன் எப்போதும் தொடர்பு கொண்டிருக்கும். எந்தக் கோபுரம், அதன் எந்தத் திசைப் பிரிவு என்பதை அறிந்தாலே, கைப்பேசி இருக்கும் வட்டாரம் தெரிந்துவிடும். அலை சென்று திரும்பும் நேரத்தை அளந்தால் தொலைவையும் கணக்கிடலாம். இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் இந்த அளவீடு சுமார் 550 மீட்டர் படிகளாக அமைந்தது. அதன்படி ஒரு கோபுரம் பொதுவாக எட்டக்கூடிய மிகுதியான தொலைவு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கோபுரங்கள் நெருங்கியுள்ள நகரத்தில் இம்முறை சில நூறு மீட்டர் வரை துல்லியம் தரும்; கோபுரங்கள் அருகிய நாட்டுப்புறத்தில் பிழை பல கிலோமீட்டர் வரை பெருகும்.

இரண்டாவது, செயற்கைக்கோள் வழி முறை. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிய வண்ணம், தம் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகின்றன. கைப்பேசியில் உள்ள வாங்கி, அவ்வலைகள் வந்து சேரும் கால வேறுபாட்டிலிருந்து தன் இடத்தைக் கணிக்கிறது. வானொலி அலை வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், நேரக் கணக்கில் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் இடக் கணக்கு 300 மீட்டர் பிழைபடும். செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் பொருத்தப்படுவது இதனாலேயே. கைப்பேசியின் சாதாரணக் கடிகாரம் அத்தகைய துல்லியம் உடையதன்று. ஆதலின் இடத்தை அறிய மூன்று செயற்கைக்கோள்களும், நேரத்தைச் சரிசெய்ய நான்காவதொன்றும் தேவைப்படுகின்றன. திறந்த வெளியில் இம்முறையின் பிழை சில மீட்டர்களே.

அறிதலும் அறிவித்தலும்

இவ்விரு முறைகளுக்கும் இடையே துல்லியத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கோபுர வழி முறையில் கைப்பேசியின் இருப்பிடம் வலையமைப்புக்குத் தெரிகிறது. செயற்கைக்கோள் வழி முறையிலோ அது கைப்பேசிக்கு மட்டுமே தெரிகிறது. செயற்கைக்கோள் சொல்கிறது, கைப்பேசி கேட்டுக்கொள்கிறது. எந்தக் கைப்பேசி எங்கிருந்து கேட்கிறது என்பதைச் செயற்கைக்கோள் அறிவதில்லை. கைப்பேசி கணித்த இடம் பிறரை அடைய வேண்டுமாயின், அதைச் சுமந்து செல்லத் தனியே ஒரு தொடர்பு வழி வேண்டும். நிலத்தில் அந்த வழியாக அமைவது கோபுரமே.

ஒக்கியின்போது நேர்ந்தது என்ன என்பதற்கான விளக்கம் இங்கே கிடைக்கிறது. கரையிலிருந்து ஓரளவு தொலைவுக்கு அப்பால் கோபுரத்தின் அலை எட்டுவதில்லை. அதற்கு அப்பாலும் ஜி.பி.எஸ். குறைவின்றி இயங்கும். எனவே ஆழ்கடலில் தத்தளித்த மீனவருக்குத் தாம் இருக்கும் இடம் தெரிந்திருக்கக்கூடும். ஆனால் அதைக் கரைக்குச் சொல்ல வழியில்லை. கரையில் இருந்தோருக்குப் புயலின் இடம் தெரிந்திருந்தது. அதை ஆழ்கடலுக்குச் சொல்ல வழியில்லை. இருபுறமும் அறிவு இருந்தது. அதை இணைக்கும் பாலம் இல்லை.

ஆகவே இருப்பிடத் தொழில்நுட்பத்தின் பயனை மதிப்பிடுவோர் மூன்று படிகளைத் தனித்தனியே நோக்க வேண்டும். இடத்தைக் கணித்தல் முதற்படி. கணித்த இடத்தை உரியவருக்கு அறிவித்தல் இரண்டாம் படி. அறிந்தவர் கடமைப்பட்டுச் செயலாற்றுதல் மூன்றாம் படி. இவற்றுள் ஒன்று அறுந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

நிலத்தில் கிட்டிய பயன்கள்

நிலப்பகுதியில் இம்மூன்று படிகளையும் இணைக்கும் முயற்சிக்கு 112 என்னும் அவசர உதவி எண் தக்க எடுத்துக்காட்டு. காவல், தீயணைப்பு, மருத்துவ உதவி ஆகியவற்றுக்கெனத் தனித்தனியே இருந்த எண்களை ஒன்றாக்கும் இவ்வமைப்பின் மென்பொருளை, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையம் உருவாக்கியது. 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இவ்வமைப்பில், 2019 பிப்ரவரியில் கேரளமும் தமிழ்நாடும் உள்ளிட்ட பல மாநிலங்கள் சேர்ந்தன. அழைப்பவரின் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறையின் வரைபடத்தில் தோன்றவும், அருகிலுள்ள ஊர்தியை அங்கு அனுப்பவும் இதில் வழி உண்டு. விபத்தில் சிக்கியவர், வழி தெரியாத ஊரில் இடர்ப்படும் பெண், பேச இயலாத நோயாளி ஆகியோருக்கு இருப்பிடத்தை வாயால் விளக்க வேண்டிய தேவை குறைகிறது.

இதற்குத் துணையாக, கைப்பேசிகளில் அவசரப் பொத்தான் வசதி அமைய வேண்டுமென 2016 ஏப்ரலில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. பொத்தான்கள் கொண்ட எளிய கைப்பேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணை நெடுநேரம் அழுத்துவதும், தொடுதிரைக் கைப்பேசியில் மின் விசையை விரைந்து மும்முறை அழுத்துவதும் அவசர அழைப்பாகும். உலகின் பிற பகுதிகளிலும் இத்திசையில் முன்னேற்றம் காணப்படுகிறது. அவசர எண்ணை அழைத்த அளவில் கைப்பேசியே தன் செயற்கைக்கோள் வழி இருப்பிடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் முறை 2014இல் பிரிட்டனில் தொடங்கிப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பரவியது. 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய வகைக் கார்களில், மோதல் நேர்ந்தவுடன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளம் இத்தொழில்நுட்பத்தின் மற்றொரு பயனை வெளிப்படுத்தியது. செங்கன்னூர், ஆலுவா, சாலக்குடி முதலிய இடங்களில் மாடிகளில் சிக்கியோர் தம் கைப்பேசியில் தோன்றிய இருப்பிடக் குறிப்பை உறவினர்க்கு அனுப்பினர். வெளிநாடுகளில் வாழ்ந்த பிள்ளைகள் அக்குறிப்புகளை மீட்புப் பணியாளருக்கு எட்டச் செய்தனர். கேரள அரசின் தகவல் தொழில்நுட்ப இயக்கத்தின் மீட்புத் தளத்தில் தன்னார்வலர்கள் அவற்றைத் தொகுத்தனர். வீதிகளும் வீட்டெண்களும் நீரில் மறைந்த நிலையில், அட்சரேகை, தீர்க்கரேகை எண்களே முகவரியாயின. அந்த முகவரிகளைத் தேடிப் படகு செலுத்தியவர்களுள் திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்களும் இருந்தனர். தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வெள்ளப் பகுதிகளுக்குச் சென்றனர். மீனவர்கள் மீட்டோர் 65,000 பேருக்குக் குறையாது என மாநில அரசு மதிப்பிட்டது. ஒன்பது மாதங்களுக்கு முன் கடலில் தம்மவரைத் தேடிக் கண்டடைய இயலாதிருந்த மக்கள், நிலத்தில் பிறரைத் தேடிக் கண்டடைந்தனர். மக்கள் அவர்களே, கருவிகளும் பெரும்பாலும் அவையே. வேறுபட்டது தொடர்பு வழி ஒன்றுதான். அதே வெள்ளத்தில் மின்சாரம் தடைப்பட்டுக் கோபுரங்களும் கைப்பேசிகளும் செயலிழந்த இடங்களில், மீட்புப் பணி மீண்டும் குரலையும் கையசைவையும் நம்ப நேர்ந்தது.

இருப்பிடத்தை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட பகுதியிலுள்ள கோபுரங்களிலிருந்து, அவற்றின் எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை ஒலிபரப்பும் முறை 2023இல் பல மாநிலங்களில் சோதிக்கப்பட்டது. இதன் சிறப்பு யாதெனில், எச்சரிக்கை பெறுவோர் யார், அவர்தம் எண் யாது என்பதை அரசு அறிய வேண்டியதில்லை. இடம் மட்டுமே போதும், ஆள் தேவையில்லை.

கடலில் பாலம் அமைக்கும் முயற்சி

கோபுரம் எட்டாத கடலில் தொடர்பு வழியும் செயற்கைக்கோளாகவே இருத்தல் வேண்டும். இவ்வகையில் ஒக்கிக்கு முன்னரே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் வடிவமைத்த அபாய எச்சரிக்கைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருந்தது. இடர்ப்பட்ட மீனவர் விசையை அழுத்தினால் படகின் இருப்பிடம் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்தை அடைந்து, அங்கிருந்து கடலோரக் காவல் படைக்குச் செல்லும். ஆனால் செய்தி சேர்ந்ததா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. 2024 ஜனவரியில் அறிமுகமான இதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்ததென்ற மறுமொழியைப் படகுக்குத் திருப்பி அனுப்புகிறது. கைப்பேசியுடன் இணைந்து மீனவரின் தாய்மொழியிலேயே செய்தியைக் காட்டவும் செய்கிறது. நடுக்கடலில் இருப்பவருக்கு 'உதவி வருகிறது' என்ற ஒரு வரியின் மதிப்பு சிறிதன்று. படகைவிட்டுக் குதிப்பதா, பற்றிக்கொண்டு காத்திருப்பதா என்ற முடிவு அவ்வரியைச் சார்ந்தே அமையக்கூடும்.

2019 அக்டோபரில் அறிமுகமான 'ஜெமினி' என்னும் கருவி எதிர்த்திசைக் குறையை நிரப்ப முற்பட்டது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் தரும் புயல், அலை எச்சரிக்கைகளையும் மீன்வளப் பகுதிக் குறிப்புகளையும் 'ககன்' செயற்கைக்கோள் வழியாகப் பெற்று, அருகிலுள்ள கைப்பேசிக்கு அது அளிக்கிறது. இது கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் ஒருவழிப் பாதை. இவற்றோடு, இந்தியாவின் சொந்த இடங்காட்டும் அமைப்பான 'நாவிக்' செயற்கைக்கோள்கள் வழியாகவும் மீனவர்க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு ஒக்கிக்குப் பின் தொடங்கப்பட்டது.

நாவிக் அமைப்புக்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ள தொடர்பு குறிப்பிடத்தக்கது. 2013 ஜூலை 1ஆம் நாள் அதன் முதல் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தை வடிவமைத்தது தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். தும்பாவோ ஒரு மீனவச் சிற்றூர். 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டபோது, மீனவர்கள் விட்டுக்கொடுத்த தேவாலயமே விஞ்ஞானிகளின் பணிக்கூடமாக இருந்தது. தம் கோயிலையும் நிலத்தையும் விண்வெளித் திட்டத்திற்கு அளித்த கடற்கரை மக்களுக்கு, அத்திட்டத்தின் பயன் முழுமையாகச் சென்று சேர வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. நாவிக்கின் சில செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் பழுதடைந்ததால் அமைப்பு நலிவுற்றது. உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட அணுக் கடிகாரத்துடன் 2023 மே 29ஆம் நாள் செலுத்தப்பட்ட என்.வி.எஸ்.-01, அக்குறையைப் போக்கும் புதிய வரிசையில் முதலாவது. இத்தகைய அமைப்பை ஒருமுறை நிறுவினால் போதாது. இடைவிடாது புதுப்பித்து வர வேண்டும் என்பதையும் இந்த அனுபவம் கற்பிக்கிறது.

செலவும் பயனும்

பொருளாதார நோக்கில் செயற்கைக்கோளின் இடங்காட்டும் அலை ஒரு பொதுப் பண்டம். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவர்க்குக் குறைவதில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜி.பி.எஸ். அலையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா நீக்கியபின், உலகெங்கும் அதன் குடிமைப் பயன்பாடு பெருகியது. ஆனால் அறிவித்தல் என்னும் இரண்டாம் படி பொதுப் பண்டமன்று. கோபுரம் அமைக்கும் நிறுவனம் வாடிக்கையாளர் நிறைந்த இடத்தையே நாடும். கடலில் வாடிக்கையாளர் சிலரே; ஆபத்தோ மிகுதி. சந்தை தானாக எட்டாத இவ்விடத்தில் அரசின் முதலீடு இன்றியமையாததாகிறது.

பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தின்கீழ் 2024 ஆகஸ்ட் 30ஆம் நாள் தொடங்கப்பட்ட படகுத் தொடர்பு அமைப்பு இந்த அடிப்படையில் அமைந்தது. 364 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு இலட்சம் இயந்திரப் படகுகளில் இருவழிச் செய்திக் கருவிகளைக் கட்டணமின்றிப் பொருத்துவது இதன் நோக்கம். படகு ஒன்றுக்குச் சராசரியாக 36,400 ரூபாய் ஆகிறது. ஒரு படகில் செல்வோர் பத்துப் பேராயின், தலைக்கு 4,000 ரூபாய்க்கும் குறைவு. தேடும் கப்பலும் விமானமும் திசை தெரியாது பரந்த கடலில் அலையும் ஒவ்வொரு நாளுக்கும் ஆகும் செலவை இதனுடன் ஒப்பிடுவோர், இம்முதலீட்டின் சிக்கனத்தை உணர்வர். எனினும் இயந்திரம் பொருத்தப்படாத கட்டுமரங்களில் செல்வோர் இத்திட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அவர்கள் பெரும்பாலும் கரைக்கு அருகிலேயே தொழில் செய்வதால், கரையோரக் கோபுரங்களின் அலையைக் கடல் நோக்கி வலுப்படுத்துவது அவர்களுக்கு ஏற்ற வழியாகலாம்.

கருவியைப் போலவே கணக்கும் தேவை. கடலுக்குச் செல்வோர் தம் பயணத்தைக் கைப்பேசியில் பதிவு செய்வதற்கெனக் கேரள மீன்வளத் துறை தேசியத் தகவலியல் மையத்தின் துணையுடன் 'சாகரா' என்னும் செயலியை ஏற்படுத்தியது. ஒக்கி எழுப்பிய முதல் வினாவுக்கு இது விடை தேடும் முயற்சி. குமரி மாவட்டப் படகுகள் பல கொச்சியிலிருந்து தொழில் செய்வதால், ஒரு மாநிலத்தின் பதிவு மற்ற மாநிலத்தின் அலுவலருக்கும் உடனே கிடைத்தாலன்றி இக்கணக்கு நிறைவு பெறாது.

அந்தரங்க உரிமை

ஒருவர் இருக்குமிடத்தை அறியும் வல்லமை, அவரைக் காக்கவும் உதவும், கண்காணிக்கவும் உதவும். கொரோனாத் தொற்றின்போது, 2020 ஆகஸ்டில், தொற்றாளரின் தொடர்புகளைக் கண்டறிய அவர்தம் கைப்பேசி அழைப்பு விவரப் பதிவுகளைக் கேரளக் காவல்துறை கோரியது. மாநில எதிர்க்கட்சித் தலைவர் இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை அணுகினார். யாருடன் பேசினார் என்பது வேண்டியதில்லை, கோபுர வழி இருப்பிடமே போதும் என்ற நிலைப்பாட்டை அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. நோக்கத்திற்குத் தேவையான அளவே தகவல் பெறப்பட வேண்டும் என்னும் நெறியை இந்நிகழ்ச்சி நடைமுறையில் விளக்கிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துள்ளது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல், நோக்கம் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. விலக்கு விரியும் அளவுக்கு அலுவலரின் பொறுப்பும் விரிகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கடற்கரையில் இவ்வினா வேறு வடிவில் எழுகிறது. மீன் நிறைந்த பாரின் இடம் ஒரு குடும்பத்தின் சொத்தைப் போன்றது. தந்தை மகனுக்குச் சொல்வார், அயலாருக்குச் சொல்லார். படகின் ஒவ்வொரு அசைவும் கரையிலுள்ள திரையில் பதிவாகுமாயின், அந்த இரகசியம் யார் கைக்குச் செல்லும் என மீனவர் ஐயுறுவது இயற்கை. எல்லை கடந்ததாகவோ விதி மீறியதாகவோ தம்மைத் தண்டிக்கவே கருவி பொருத்தப்படுகிறது என்ற எண்ணம் பரவினால், கருவியின் விசை அணைக்கப்படும். அணைக்கப்பட்ட கருவி புயலன்றும் பேசாது. ஆகவே யார், எப்போது, எதற்காக இத்தகவலைக் காணலாம், எத்தனை நாள் அது சேமிக்கப்படும் என்பவற்றை முன்கூட்டியே வரையறுத்து, மீனவர்க்கு விளங்கும் மொழியில் அறிவிப்பது உயிர்காப்புத் திட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.

முடிவாக

கைப்பேசியின் இருப்பிடத் தொழில்நுட்பத்தை மதிப்பிடும்போது, அது எத்தனை மீட்டர் துல்லியமாகக் காட்டுகிறது என்று கேட்பதே வழக்கம். ஒக்கி கற்பித்தது வேறு அளவுகோல்: ஒருவர் தாம் இருக்குமிடத்தைச் சொல்ல விரும்பும் வேளையில் அது உரியவரை எட்டுகிறதா? எட்டியவுடன் எழுந்து செல்லும் கடமை யாரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது? எட்டிய செய்தி அவர் விரும்பாத வேறொரு பயனுக்குத் திருப்பப்படாது என்ற உறுதி இருக்கிறதா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைக்கும் நாளில், பூந்துறையில் மாலைப் பொழுதில் கடலில் இறங்கும் வள்ளம், கண்ணுக்கு மறைந்தாலும் கரையின் காவலுக்குள்ளேயே இருக்கும்.